மூன்றாம் நாளும் மூன்றாம் பத்தியும்

(தில்லி கோல் மார்க்கெட்டில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நோட்டீஸில் என் பெயருக்கு எதிரே "தலைநகரத் தமிழரும் தாய்மொழிக் கல்வியும்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். மந்திர் மார்க்கில் நம்முடைய தமிழ்ப் பள்ளிக்கூடம் நிற்கிறவரையில் அந்த விஷயத்தைப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆகையால் அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கும்படி தலைவரிடம் விண்ணப்பித்துக்கொண்டு, சென்ற மாதம் இந்நகரத்து மண்டபம் ஒன்றில், கற்றோர் சபையிலே, நம்மவர் ஒருவர் வாயிலிருந்து பிறந்து, சபையோரின் கரகோஷத்தையும் பெற்று, அன்று முதல் என்னைத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருக்கிற ஒரு வாசகத்தைப்பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

அந்த வாசகம் இதுதான்: "கிறிஸ்தவத்தின் ஊடாக நடந்து வராத நாத்திகம் பூரண நாத்திகம் ஆகாது, அந்த அளவில் ஈரோட்டு நாத்திகம் திண்ணை நாத்திகமே." சொன்னவர் பெரிய படிப்புப் படித்த தமிழர். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அவருக்குக் கீர்த்தி உண்டாகிவிடும். அவர் இந்த ஞானத்தைத் தாமாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. ஐரோப்பாவிலே இப்போது ஜீவித்திருக்கிற ஸ்லாவோய் ஜிஜெக் என்ற தத்துவ ஞானியின் புத்தகங்களைப் படித்து, அவர் சொன்னதில் பாதியையும், சொல்லாததில் பாதியையும் கலந்து, எங்கள் தலையில் தெளித்தார்.

ஜிஜெக் யார் என்று தாய்மார்கள் கேட்கலாம். ஸ்லொவேனியா தேசத்து லுப்லியானா நகரத்தில் 1949இல் பிறந்தவர்; ஹெகலையும் லக்கானையும் கரைத்துக் குடித்தவர்; மார்க்சைக் கைவிடாதவர்; 1990இல் தம்முடைய நாட்டில் கூட்டு ஜனாதிபதி ஸ்தானத்துக்குத் தேர்தலில் நின்று தோற்றவர். தத்துவ ஞானிகள் தேர்தலில் தோற்பது உலக வழக்கம். தேர்தலில் ஜெயித்தவர்கள் மறுநாளே தத்துவ ஞானிகளாகிவிடுவது நம் நாட்டு வழக்கம். (சிரிப்பு.) 2010 ஜனவரியில் இந்தத் தில்லிக்கே வந்து பேசிவிட்டுப் போனார். கிறிஸ்தவப் பாரம்பரியத்தைக் காப்பாற்றப் போராடலாம், அது தகும் என்று 2000இலேயே ஒரு நூல் எழுதினார். 2024இல் "கிறிஸ்தவ நாத்திகம்" என்ற பெயரிலேயே இன்னொன்று வெளியிட்டார்.

அவருடைய சித்தாந்தத்தை நான் அறிந்த மட்டில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு சண்டை போடலாம். கடவுள் இல்லை என்று சொல்லுகிற சாதாரண நாத்திகன், அந்தக் கடவுள் உட்கார்ந்திருந்த ஆசனத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்து, அதிலே விதியையோ, இயற்கையையோ, சரித்திரத்தையோ, தேசத்தின் மகோன்னத எதிர்காலத்தையோ தூக்கி உட்காரவைத்துவிட்டு, மேலே யாரோ நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பழைய தைரியத்திலேயே காலம் தள்ளுகிறான் என்பது அவருடைய குற்றச்சாட்டு. சிலுவைக் கதையிலோ, கடவுளே மனிதனாக இறங்கி வந்து, அடிபட்டு, கடைசி மூச்சிலே தாம் கைவிடப்பட்டதாகக் கதறுகிறார். அந்தக் கணத்திலே கடவுளுக்கே கடவுள்மேல் நம்பிக்கை போய்விட்டது. அதன்பின் மேலே யாரும் இல்லை. மிஞ்சியது, கீழே ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நிற்கும் சமமான மனிதர்களின் கூட்டம். பரிசுத்த ஆவி என்று வேதக்காரர் சொல்வது அந்தக் கூட்டத்தையே. புரட்சிக் கட்சி என்று ஒன்று இருக்குமானால் அதன் முதல் வித்தும் அங்கேதான் இருக்கிறது என்கிறார் அவர்.

தோழர்களே, இது அழகான சிந்தனை. நாத்திகனாகிய நான் சொல்லுகிறேன், எத்தனையோ பிரசங்கியார்கள் நாற்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் சிலுவையைப்பற்றி இவ்வளவு கம்பீரமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற இன்னொரு நாத்திகச் சிங்கம் 2024இல் தம்மைக் கலாசாரக் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொண்டு, ஞானப்பாட்டும் பெரிய கோவில்களும் தமக்குப் பிடிக்கும் என்றது. வயதான காலத்தில் சிங்கத்துக்குச் சங்கீத ருசி வந்தால் நாம் ஏன் தடுக்கவேண்டும்? அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜிஜெக் மலை. என் சண்டை மலையோடு இல்லை. மலையிலிருந்து ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிவந்து ஈரோட்டுக் கிழவர் பெரியார்மேல் எறிகிறவரோடுதான். அவருடைய வாதத்தைச் சுருக்கினால், கடவுள் இல்லை என்று சொல்வதற்குக்கூட முதலில் கடவுளிடம் போய் ஒரு சான்றிதழ் வாங்கி வரவேண்டும் என்பதே!

அந்தச் சபையில் ஜிஜெக் அடிக்கடி சொல்லும் ஒரு கதையையும் நம்மவர் எடுத்துவிட்டார். 1939இல் வந்த "நினோச்கா" என்ற சினிமாப் படத்தில் உள்ள வேடிக்கை அது. ஓட்டலுக்குப் போனவன், பாலேடு கலக்காத காபி கேட்கிறான். பரிசாரகன் உள்ளே போய் வந்து, "ஐயா, பாலேடு தீர்ந்துவிட்டது, பால்தான் இருக்கிறது, பால் கலக்காத காபி கொண்டுவரட்டுமா?" என்கிறான். இரண்டும் ஒரே கறுப்புக் காபிதான். ஆனாலும் அதில் எது இல்லை என்பதைப் பொறுத்து அது வேறு வேறு காபி ஆகிவிடுகிறது. அதுபோலக் கிறிஸ்தவக் கடவுள் இல்லாத நாத்திகம் வேறு, மற்றக் கடவுள்கள் இல்லாத நாத்திகம் வேறு என்று தாத்பரியம். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

நான் சிரிக்கவில்லை. தென்னாற்காடு ஜில்லாவில் எங்கள் ஊர் டீக்கடையிலே, உள்ளே உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். எங்களுக்குக் கூரை வாரையில் செருகியிருந்த அலுமினியக் குவளை. என் தகப்பனார் தில்லிச் செக்ரடேரியட்டில் தப்தரியாக வேலை பார்த்தவர்; இதே கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்; சலவைச் சட்டையோடு லீவில் ஊருக்கு இறங்குகிறவர். அந்தக் கடைக்கு முன்னால் நின்று, விளிம்பு நசுங்கிய அந்தக் குவளையை உருவி, தொட்டித் தண்ணீரில் தாமே கழுவி, நீட்டி, கடைக்காரர் ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றியதைக் குடித்து, மறுபடி கழுவி, பழைய இடத்திலே செருகினதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் எங்கள் பெரியப்பா மகன் நின்றார். அவர் வேதத்தில் சேர்ந்தவர். பாதிரியார் அவருக்குக் கொடுத்த பெயர் புதியது. கடைக்காரர் கொடுத்த குவளை பழையது. காபியில் எது இல்லை என்று லுப்லியானாவில் உட்கார்ந்து விசாரிக்கட்டும். அது எந்தக் குவளையில் ஊற்றப்படுகிறது என்று விசாரித்தவர்தான் ஈரோட்டுக்காரர். அந்த விசாரணைக்குத் திண்ணை என்று பெயரா? திண்ணையிலே எங்களை எப்போதையா ஏறவிட்டீர்கள்? (நீண்ட கைதட்டல்.)

கிறிஸ்தவத்தின் ஊடாக வரவில்லையாம்! நம் சரித்திரத்தைக் கொஞ்சமாவது புரட்டியிருந்தால் அந்தக் கனவான் இப்படிப் பேசியிருப்பாரா? மணிமேகலையிலே சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், ஒவ்வொரு மதத்தானும் தன் சரக்கை விரிக்கும்போது, பூதவாதியும் ஓர் ஆளாக நின்று தன் கட்சியைச் சொல்கிறான். நீலகேசியிலே அவனோடு வாதாட ஒரு தனிச் சருக்கமே வேண்டியிருந்தது. கிறிஸ்தவத்தோடு வழக்காடிய காலத்தைச் சொல்லவேண்டுமானால், 1880களிலே சென்னப் பட்டணத்தில் இலௌகிக சங்கத்தார் "தத்துவ விவேசினி" என்ற பத்திரிகை நடத்தி, வைதிகரையும் பாதிரிமாரையும் ஒரே துலாக்கோலில் வைத்து நிறுத்தார்கள். அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் 1882இல் "இந்துமத ஆசார ஆபாச தரிசினி"யை வெளியிட்டபோது பெரியாருக்கு மூன்று வயது.

பிறகு 1925இலே பெரியாரின் "குடி அரசு" பத்திரிகை பிறந்தது. அந்த முகாமிலிருந்து என்னென்ன நூல் வந்தது தெரியுமா? பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தாம் ஏன் கிறிஸ்தவனல்ல என்று சொன்னது தமிழில் வந்தது. இங்கர்சால் வந்தார். ஜீன் மெஸ்லியர் என்ற பிரெஞ்சுக் கிராமத்துப் பாதிரியார், ஆயுள் முழுவதும் பூசை வைத்து, ஞானஸ்நானம் கொடுத்து, பிரேதத்துக்கு மந்திரம் சொல்லி, 1729இல் கண்ணை மூடியபோது, தெய்வமும் இல்லை ஒன்றும் இல்லை என்று விரிவாக எழுதிய மரண சாசனத்தை விட்டுப் போனார். அந்தச் சாசனத்தையும் சுயமரியாதைக்காரர்கள் தமிழாக்கிக் காலணாக் கணக்கில் விற்றார்கள். கிறிஸ்தவத்தின் ஊடாக வந்த நாத்திகம் என்றால் இதைவிட ஊடாக வேறு எப்படி வருவது? பலிபீடத்தின் பின்பக்கத்திலிருந்தே வந்திருக்கிறது! பகத்சிங் 1929 ஏப்ரல் 8ஆம் தேதி குண்டு வீசிய சட்டசபைக் கட்டடம், இங்கிருந்து நாம் நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது. லாகூர்ச் சிறையில் அந்த வாலிபன் தான் ஏன் நாத்திகன் என்று எழுதியதைத் தமிழாக்கியதற்காக ஜீவானந்தம் சிறைக்குப் போனார். வெளியிட்டதற்காகப் பெரியாரின் தமையனார் கிருஷ்ணசாமியையும் சர்க்கார் விடவில்லை. மண்டபத்திலே ஏர்கண்டிஷன் காற்று வாங்கிக்கொண்டு முதிர்ச்சியைப்பற்றி அளக்கிறவர்கள், நாத்திகத்துக்காக ஒரு ராத்திரியாவது லாக்கப்பில் கொசுக்கடி பட்டதுண்டா?

நிற்க. இதையெல்லாம்கூட நான் பொறுத்திருப்பேன். நான்கு பண்டிதர்கள் கூடினால் நாலு வார்த்தை அதிகப்படியாகத்தான் வரும். பொறுக்கமுடியாமற் போனது வேறு. மூன்று மணி நேரம் கிறிஸ்தவத்தையும், நாத்திகத்தையும், ராஜ்ய விவகாரத்தையும் சேர்த்துக் குழைத்துப் பேசிய அந்தச் சபையிலே, இந்த மூன்றும் இந்த தேசத்தில் ஒன்றாகச் சந்திக்கிற ஒரே இடமாகிய மூன்றாம் பத்தியை ஒருவர், ஒரே ஒருவர், வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை!

மூன்றாம் பத்தி என்றால் என்ன? அரசியல் சட்டம் வந்த ஆறு மாதத்துக்கெல்லாம், 1950 ஆகஸ்டு 10ஆம் தேதி, ஜனாதிபதியின் பெயரால் ஓர் உத்தரவு பிறந்தது. இன்னின்ன சாதிகள் பட்டியல் சாதிகள் என்று ஜாபிதா போட்டுவிட்டு, மூன்றாவது பத்தியிலே, இந்து மதம் அல்லாத மதத்தைச் சார்ந்த எவனும் பட்டியல் சாதியான் ஆகமாட்டான் என்று கதவைச் சாத்தினார்கள். அப்போதே பஞ்சாபில் சில சீக்கியப் பிரிவுகளுக்கு ஜன்னல் திறந்தார்கள். 1956இல் சீக்கியர் எல்லோருக்கும் திறந்தார்கள். 1990இல் பௌத்தர்களுக்குத் திறந்தார்கள். மூன்றும் நியாயம்; நான் குறை சொல்லவில்லை. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் மட்டும் இன்றுவரை சாத்தியே கிடக்கிறது. மூன்றாம் நாள் அவர் உயிர்த்தெழுந்தார் என்பது வேதக்காரர் விசுவாசம். மூன்றாம் பத்தியோ எழுபத்தைந்து ஆண்டாகச் சாகவே இல்லை.

ஜிஜெக்கைச் சரியாகப் படித்திருந்தால் நம்மவர் இந்த இடத்துக்கு வராமலிருக்க முடியாது. அந்த மனிதர் மனுஸ்மிருதியையும் விடாமல் படித்து, சித்தாந்தம் என்ற வஸ்துவுக்கு உலகத்திலேயே உத்தமமான உதாரணம் அது என்று எழுதினார். விதியைப் போடுவதில் மனுவின் கெட்டிக்காரத்தனம் இல்லை, விலக்குகளைப் பதமாக அடுக்குவதிலே இருக்கிறது என்று பிட்டுவைத்தார். மூன்றாம் பத்தியைப் பாருங்கள்! ஒரு விதி, அதற்கு ஒரு விலக்கு, விலக்குக்கு ஒரு விரிவு. மனு செத்தார் என்று யார் சொன்னது? ஆகஸ்டு 10ஆம் தேதி கையெழுத்தாகியிருக்கிறார்!

இப்போது நாத்திகனின் நிலைமையைக் கேளுங்கள், வேடிக்கையாக இருக்கும். நான் ஆதிதிராவிடன். எந்தக் கோவிலிலும் கும்பிடக் கால் வைத்ததில்லை, விபூதி பூசியதில்லை, என் வீட்டில் கல்யாணம் சுயமரியாதைக் கல்யாணம். ஆனால் என் சான்றிதழில் இந்து என்று இருக்கிறது. அந்தச் சான்றிதழின் பலத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்த்துப் பென்ஷனும் வாங்குகிறேன். எந்தத் தாசில்தாரும் என்னிடம் வந்து, விஷ்ணுவை நம்புகிறாயா, சிவனை நம்புகிறாயா என்று கேட்டதில்லை. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் இந்த நாலும் அல்லாதவன் எவனோ அவன் இந்துச் சட்டத்துக்கு உட்பட்டவன் என்று 1955ஆம் வருஷத்துக் கல்யாணச் சட்டமே சொல்லிவிட்டது. கடவுளை மறுத்தவனும் அந்தக் கூடையிலேதான் விழுகிறான். ஆகவே இந்த தேசத்தில் நாத்திகனாக இருப்பதற்குச் சௌகரியமான மதம் ஒன்று உண்டு; சர்க்காரே அதில் நம்மைச் சேர்த்துவிடுகிறது, சந்தாக்கூட இல்லை. என் பெரியப்பா மகன் கதை என்ன? அதே சேரி, அதே மறுக்கப்பட்ட கிணறு, அதே குவளை. அவர் ஒரு கடவுளை நம்பினார், சான்றிதழ் போயிற்று. நான் ஒரு கடவுளையும் நம்பவில்லை. சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது. கிறிஸ்தவத்தின் ஊடாக நடந்துபோய் நாத்திகனாக வரச்சொல்லுகிறாரே நம்மவர், ஊடாகப் போகிறவன் திரும்பி வரும்போது அவன் பிள்ளைகளின் உபகாரச் சம்பளம் போயிருக்குமே, அதை யார் கொடுப்பது? ஹெகல் கொடுப்பாரா? (சிரிப்பு, கைதட்டல்.)

இங்கே குவார்ட்டர்ஸிலே எங்களுக்கு இரண்டு வாசல் தள்ளி ஒரு பியூன் குடும்பத்தோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியற்காலையில், பிள்ளைகளுக்கு எண்ணெய் தடவி வகிடெடுத்து, கோல் டாக்கானா பக்கத்துப் பெரிய கிறிஸ்தவக் கோவிலுக்கு நடத்திக் கூட்டிப்போவார். ஆபீஸ் ரிக்கார்டில் அவர் பெயர் வேறு. அதில் அவர் இந்து. மூத்த மகளுக்கு வேலைக்கு உத்தரவு வந்து, விசாரணைக்கு ஆள் வருகிறது என்று தெரிந்த அன்றைக்கு, சிறுவனாகிய நான்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். வேளாங்கண்ணி மாதா படத்தை ஆணியிலிருந்து கழற்றி, அரிசி டின்னுக்குப் பின்னால் துணி சுற்றி வைத்துவிட்டு, அதே ஆணியில் முருகன் காலண்டரை மாட்டினார். மாதா படம் பெரியது, காலண்டர் சிறியது. சுவரில் வெயில் படாமல் வெளுப்பாக இருந்த சதுரம், காலண்டரைச் சுற்றிலும் நாலு விரற்கடை தெரிந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு அந்த வெளுப்பின்மேல் தேய்த்தாள். பேதுரு தன் குருவை மூன்று தடவைதான் மறுதலித்தான். இந்த மனிதர் ரிட்டையராகிறவரையில் மறுதலித்தார். கிறிஸ்தவ நாத்திகன் எப்படி இருப்பான் என்று புத்தகம் எழுதித் தேடுகிறார் தத்துவ ஞானி. நம்முடைய சர்க்கார் சேரிதோறும் அவனை உற்பத்தி பண்ணி வைத்திருக்கிறது!

சூசை என்று ஒருவர். சென்னையில் மவுண்ட் ரோடும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடும் கூடுகிற முனையிலே நடைபாதையில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். 1982இல் அந்தப் பகுதியில் செருப்புத் தைக்கும் தொழிலாளிகளுக்குச் சர்க்கார் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அவருக்கு இல்லை, அவர் கிறிஸ்தவர். பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசியால் அதே வாரைத் தைத்தவனுக்கு உண்டு. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1985 செப்டம்பர் 30ஆம் தேதி தீர்ப்பு. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்ந்தது என்றால் போதாது, பழைய மதத்தில் இருந்த கொடுமை புதிய மதத்திலும் அதே உக்கிரத்தோடு தொடர்கிறது என்று ஆதாரம் காட்டவேண்டும் என்றார்கள். செருப்புத் தைக்கிறவனிடம் சமூக சாஸ்திர ஆராய்ச்சி கேட்டார்கள்! அவர் கேட்டது ஒரு பெட்டிக்கடை.

2024 நவம்பர் 26. அரசியல் சட்டத் திருநாள். 1957இல் அதே தேதியில்தான், சாதியைக் காப்பாற்றும் பிரிவுகளைக் கொளுத்தி, பெரியாரின் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். அந்தத் திருநாளிலே, புதுச்சேரியில் யு.டி.சி. வேலைக்குத் தேர்வாகி, எஸ்.சி. சான்றிதழ் கேட்டு வந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தார் தீர்ப்புச் சொன்னார்கள். கோல் மார்க்கெட்டிலே யு.டி.சி. என்றால் என்ன என்று நான் விளக்கவேண்டியதில்லை. இங்கே பாதிப் பேருடைய தகப்பனார் அந்தக் குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்து ரிட்டையரானவர்கள். தகப்பன் இந்து, தாய் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், குழந்தையில் ஞானஸ்நானம். நான் இந்துதான் என்றாள் அவள். ஏற்கவில்லை. உள்ளத்திலே விசுவாசம் இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்தின்மேல் செய்யும் மோசடி என்றார்கள். விசுவாசம் என்னிடம் இருக்கிறதா என்று ஏன் ஒருவரும் சோதிக்கவில்லை? நான் பகிரங்கமாக மேடையேறி இல்லை என்கிறேனே! கடவுள் நம்பிக்கைக்குப் பரீட்சை அவளுக்கு மட்டுந்தானா?

அப்புறம் 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. ஒரு போதகரைச் சாதிப் பெயர் சொல்லி வைது, அடித்தார்கள் என்று வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு. நீ கிறிஸ்தவன், கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, மாறிய அன்றே உன் சாதி போயிற்று, ஆகவே அந்தச் சட்டம் உனக்கு இல்லை என்று வழக்கைத் தள்ளினார்கள். அடப் பாவிகளா! வைதவன் வாய்க்குத் தெரிந்த சாதி சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லையா? அடிக்கிறவன் இவனுடைய ஞானஸ்நானப் பத்திரத்தை வாங்கிப் படித்துவிட்டா கையை ஓங்கினான்? நான் கோபப்படுகிறேன் என்று தலைவர் பார்க்கிறார். கோபப்படாமல் இதைச் சொல்லத் தெரிந்தவர்கள் மண்டபத்திலே பேசட்டும்; எனக்கு இந்த மேடை போதும்.

மேற்றிராணிமார் சந்தோஷப்படவேண்டாம், உங்களுக்கும் பாக்கி வைத்திருக்கிறேன். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று நீதிபதி சொல்லும்போது, வடக்கன்குளத்துக் கோவில் என் ஞாபகத்துக்கு வருகிறது. பிள்ளைமாருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று இரண்டாகக் கட்டி நடுவிலே சுவர் வைத்தார்கள். 1910இல் சுவரை இடித்தபோது, மறுபடி கட்டித்தரவேண்டும் என்று சாதிமான்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையிலே செத்தவர்களுக்கு நடுவில் சுவர். மூன்றாம் நாள் எழுந்தவர் அந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் எழுந்திருப்பார் என்று எந்தச் சாமியாராவது எனக்குச் சொல்லட்டும். எறையூரிலே 2008 மார்ச்சில், ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்களுக்குள் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல், எங்கள் சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுதி ஒப்புக்கொண்டது. ஆயர்கள் உண்டு என்கிறார்கள். நீதிமன்றம் இல்லை என்கிறது. கிறிஸ்தவத்தைப்பற்றி ஆயரைவிட நீதிபதிக்கு அதிகம் தெரியும்போலும்!

எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள்: மூன்றாம் பத்தியை எடுத்துவிட்டால் எல்லோரும் வேதத்தில் சேர்ந்துவிடுவார்களாம். அப்படியானால் ஐயாயிரம் வருஷத்துச் சனாதன தர்மத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருப்பது ஒரு குமாஸ்தா உத்தியோகம் என்றல்லவா அர்த்தமாகிறது!

இந்த வட்டாரத்தையே பாருங்கள். பிர்லா மந்திர் எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு காந்தியார் 1939இல் அதைத் திறந்துவைத்தார். அதே தெருவில் வால்மீகிகளின் குடியிருப்பிலே 1946, 47இல் வந்து தங்கினார். பஞ்சகுயான் தாண்டி ராணி ஜான்சி ரோட்டில் அம்பேத்கர் பவன். அங்கே 2022 அக்டோபர் 5ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் பௌத்தம் தழுவி, பாபா சாகேப் வகுத்த இருபத்திரண்டு பிரதிக்ஞைகளை எடுத்தார்கள். பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனைத் தெய்வமாக ஏற்கமாட்டோம் என்பது அதில் முதலாவது. அந்தக் கூட்டத்தில் கலந்துகொண்ட தில்லி மந்திரி ராஜினாமா செய்யவேண்டியதாயிற்று. ஆனால் பிரதிக்ஞை எடுத்தவர்களுடைய சான்றிதழ் போகவில்லை, போகவும் கூடாது. அங்கிருந்து கோல் டாக்கானா பக்கத்துப் பெரிய கோவில் எத்தனை தூரம்? ஆட்டோவில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஒருவன் சாதி எங்கே கழன்று விழுகிறது? பெரிய கோவிலுக்கு 2023 ஈஸ்டர் அன்று பிரதம மந்திரியே எழுந்தருளி மெழுகுவர்த்தி ஏற்றினார், மரக்கன்று நட்டார். கன்று வளர்கிறது, சந்தோஷம். மூன்றாம் பத்தி?

காங்கிரஸ்காரர்கள் சிரிக்கவேண்டாம். மூன்றாம் பத்தியை நீக்குங்கள் என்று ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007இல் எழுதிக் கொடுத்ததை, 2014வரையில் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்? 2013 டிசம்பரில் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் வந்த தலித் கிறிஸ்தவர்கள்மேல் தண்ணீரைப் பீய்ச்சி, ஆர்ச் பிஷப்பையே வண்டியில் ஏற்றியது உங்கள் ராஜ்யத்துப் போலீஸ். 2004இல் போட்ட வழக்கு இன்னும் உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. 2022இல் பாலகிருஷ்ணன் கமிஷன் என்று இன்னொன்றை இரண்டு வருஷத் தவணையில் போட்டு, தவணையை நீட்டினார்கள். கமிஷன் போடுகிறவனுக்குத் தவணை உண்டு. பெட்டிக்கடை கேட்டவனுக்கு உண்டா? பாய் வீர் சிங் மார்க்கில் கம்யூனிஸ்டுத் தோழர்களின் தலைமைக் காரியாலயம், இந்த மைக் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. தீர்மானம் போடுவதில் அவர்கள் குறை வைத்ததில்லை. தோழர்களே, தீர்மானங்களையெல்லாம் ஒருமுறை மாடியிலிருந்து தெருவுக்கு இறக்குங்கள்.

தலைவர் மணியடித்துவிட்டார். அந்த மண்டபத்துக் கனவானுக்கு ஓர் அழைப்பு விடுக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு அவரே வரட்டும். ஜிஜெக்கின் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு வரட்டும். நான் மெஸ்லியரின் சாசனத்தை எடுத்து வருகிறேன். கடவுள் சிலுவையில் செத்தாரா, செத்து எழுந்தாரா, முதலிலேயே இல்லையா என்று விடிய விடியப் பேசுவோம். கறுப்புக் காபி என் செலவு. ஆனால் பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்னால் மூன்றாம் பத்திக்கு எதிரான இந்த மனுவில் அவர் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

இப்போது தீர்மானத்தைப் படிக்கிறேன். "1950 ஆகஸ்டு 10ஆம் தேதியிட்ட பட்டியல் சாதிகள் உத்தரவின் மூன்றாம் பத்தியை அடியோடு நீக்கவேண்டும் என்று கோல் மார்க்கெட்டில் கூடிய இப்பொதுக்கூட்டம் மத்திய சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறது." ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள். பின்வரிசையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கும் அம்மா, நீங்களும் தூக்கலாம்; கடவுள் உண்டா இல்லையா என்ற வாக்கெடுப்பு இல்லை இது. எழுந்து நிற்கவேண்டாம், கை தெரிந்தால் போதும். செயலாளர் எண்ணிக்கொண்டு வருகிறார்.